சோப்பு பாக்டரியில் பீப்பாய் தூக்கியவர் சிரிப்பு நடிகர் ஆனார்!

மேலதிகாரிகள் மாதிரி பேசிக் காட்டினார்; வேலை போகவில்லை, பேர் கிடைத்தது

மேனேஜர் எப்படி நடப்பார், எப்படி இருமுவார், லீவு கேட்டால் மூக்குக் கண்ணாடியை எப்படிக் கழற்றுவார் என்று நடித்துக் காட்டும் ஆசாமி ஒருவர் எல்லா ஆபீசிலும் உண்டு. டீ குடிக்கிற நேரத்தில் அவரைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். மேனேஜர் வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் கூட்டம் கலைந்துவிடும். டீக்கடையோடு முடிந்துபோகிற தமாஷ் அது.

அதையே கம்பெனி விழாவில், மேடை ஏறி, மைக்கைப் பிடித்துச் செய்தால் என்ன ஆகும்? சீட்டு கிழியும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பம்பாயில் ஒரு தொழிலாளி அப்படிச் செய்தார். அவருடைய சீட்டு கிழியவில்லை. புதுப் பெயர் கிடைத்தது. அந்தப் பெயரோடு 300-க்கும் அதிகமான இந்திப் படங்களில் நடித்துவிட்டார்.

அவருடைய சொந்தப் பெயர் ஜான் பிரகாச ராவ் ஜனுமலா. இப்படிச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியுமோ என்னவோ! ஜானி லீவர் என்றால் இந்திப் படம் பார்க்கிற சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

ஆந்திராவில் இருந்து தாராவிக்கு

1957-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி ஆந்திராவில் உள்ள கனிகிரியில் பிறந்தவர் ஜானி. தெலுங்கு பேசும் கிறிஸ்தவக் குடும்பம். அவருடைய அப்பா பம்பாயில் ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனித் தொழிற்சாலையில் ஆபரேட்டராக வேலை பார்த்தார். அதனால் பையன் வளர்ந்தது பம்பாயில், மாட்டுங்கா, கிங்ஸ் சர்க்கிள், தாராவி வட்டாரத்தில்.

தாராவியைப் பற்றித் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலிக்காரர் ஒரு வீட்டில், உத்தரப்பிரதேசத்துக்காரர் அடுத்த வீட்டில், குஜராத்திக் குயவர் எதிர் வரிசையில், ஆந்திராக்காரர் பின் சந்தில். ஒரே குழாயடியில் அஞ்சு பாஷையில் சண்டை நடக்கும். காது கூர்மையாக உள்ள பையனுக்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் எது?

நிஜப் பள்ளிக்கூடத்தில் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. ஆந்திரா எஜுகேஷன் சொசைட்டி பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர், வீட்டில் பணக் கஷ்டம் கழுத்தைப் பிடிக்கவே புத்தகத்தை மூடினார். கூடப் பிறந்தவர்களில் அவர்தான் மூத்தவர். மூத்த பிள்ளை என்றால் என்ன பாரம் என்பது நடுத்தரக் குடும்பத்தில் பிறந்த யாருக்கும் தெரியும்.

தெருவில் பேனா

வயிற்றுப்பாட்டுக்குத் தெருவில் இறங்கிய பையன் பேனா விற்றான்.

பம்பாய்த் தெருவில் பேனா விற்கிறவர்கள் ஆயிரம் பேர். ஆபீசுக்கு ஓடுகிற மனிதன் நின்று பார்ப்பானா? இந்தப் பையன் அவனை நிற்க வைத்தான். அந்தக் காலத்து இந்தி நட்சத்திரங்களைப் போலப் பேசி, அவர்களைப் போல ஆடி, பேனாவை நீட்டினான். சிரித்தவர்கள் காசை எடுத்தார்கள்.

பலகுரல் கலை சோறு போடும் என்று ஜானிக்குத் தெரிந்தது அங்கேதான். அவருக்கு அரங்கமும் கிடையாது, விளக்கும் கிடையாது. நடைபாதையில் ஆள் நகர்ந்துவிட்டால் வியாபாரம் போச்சு. அதனால் முதல் வாக்கியத்திலேயே பிடித்து நிறுத்த வேண்டும். பிற்காலத்தில் சினிமாவில் ரெண்டே நிமிஷம் வந்தாலும் தியேட்டரைக் கலக்கிவிட்டுப் போகும் வித்தைக்கு அஸ்திவாரம் இந்தத் தெரு வியாபாரம்தான்.

நடுவில் கொஞ்ச காலம் ஐதராபாத் பழைய நகரில், யாகுத்புரா பகுதியில் இருந்தார். அந்த ஊர் இந்திக்குத் தனி இழுவை, தனிக் கிண்டல் உண்டு. அதையும் காதில் போட்டுக்கொண்டு பம்பாய் திரும்பினார்.

100 கிலோ பீப்பாய்

18 வயதில் அப்பா வேலை பார்த்த அதே ஹிந்துஸ்தான் லீவரில் ஜானியும் சேர்ந்தார். லைப்பாய், சன்லைட், சர்ப் என்று நம் வீட்டுக் குளியலறைவரை வந்த சரக்குகளின் கம்பெனி அது.

அவருக்குக் கொடுத்த வேலை, பீப்பாய் தூக்குவது. ஒவ்வொன்றும் 100 கிலோ எடை இருக்கும்.

வேலை கடுமையானதுதான். ஆனால் அந்தக் காலத்தில் பெரிய கம்பெனியில் நிரந்தர வேலை என்பது லேசான விஷயமா? மாதம் பிறந்தால் சம்பளம், பிராவிடண்டு பண்டு, வருஷத்துக்கு ஒரு போனஸ். அக்கம்பக்கத்தில் மதிப்பு. கடைக்காரர் கடன் கொடுப்பார். பெண் கொடுக்கிறவர்கள் கூட முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி?" என்றுதான்.

ஜானி ஆறு வருஷம் அங்கே உழைத்தார். உழைக்கிற நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. கூட வேலை பார்ப்பவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தார். மூட்டை தூக்குகிற இடத்தில் பாட்டுப் பாடினால் பாரம் தெரியாது என்பார்கள். அங்கே பாட்டுக்குப் பதில் ஜானியின் தமாஷ்.

மேடையில் "அதிகாரிகள்"

ஒரு நாள் கம்பெனி விழா. கலை நிகழ்ச்சியில் ஜானியை மேடை ஏற்றினார்கள். வழக்கமான நட்சத்திரக் குரல்களோடு அவர் நிறுத்தவில்லை. கம்பெனியின் மூத்த அதிகாரிகள் சிலரைப் போலவும் பேசி நடித்துக் காட்டிவிட்டார்!

சினிமா நட்சத்திரத்தைப் போல நடித்தால் எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் தினமும் தங்களை விரட்டுகிற அதிகாரியைப் போல நடித்தால், அந்தச் சிரிப்புக்கு ருசி வேறு. பயந்து பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒருநாள் விடுதலை கிடைத்த மாதிரி.

அன்றிலிருந்து தொழிலாளர்கள் அவரை "ஜானி லீவர்" என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவன் நம்ம லீவர் கம்பெனி ஆள் என்று கொண்டாடி வைத்த பெயர். சினிமாவுக்குப் போனபோதும் அதையே வைத்துக்கொண்டார். எந்தப் படக் கம்பெனியும் வைத்த பெயர் அல்ல. ஜோசியர் பார்த்துக் கொடுத்ததும் அல்ல. பீப்பாய் தூக்கியவர்கள் வைத்த பெயர்.

இந்தி சினிமாவில் அவருக்கு முன்னால் இன்னொரு ஜானி இருந்தார். ஜானி வாக்கர். நிஜப் பெயர் பத்ருதீன் ஜமாலுதீன் காசி. பம்பாயில் பஸ் கண்டக்டர். பயணிகளைச் சிரிக்க வைத்தபடியே டிக்கெட் கிழித்தவர், குடிகாரன் போல நடித்துக் காட்டி டைரக்டர் குருதத்தை அசத்தினார். குருதத் விஸ்கி பாட்டிலின் பெயரையே அவருக்கு வைத்தார். 1951-ல் வந்த "பாசி" படத்தில் ஆரம்பித்து, 2003-ல் காலமாகும்வரை அந்தப் பெயர்தான்.

ஒரு ஜானிக்கு விஸ்கி பெயர் கொடுத்தது. இன்னொரு ஜானிக்கு சோப்பு பெயர் கொடுத்தது. கண்டக்டர் விசிலை வைத்துவிட்டு சினிமாவுக்குப் போன கதை நமக்கும் புதுசு இல்லை. பெங்களூர் பஸ் கண்டக்டர் ஒருவர் நம் ஊரில் சூப்பர் ஸ்டார் ஆனதைப் பார்த்தவர்கள் தானே நாம்!

பகலில் பாக்டரி, ராத்திரியில் மேடை

அந்த நாளில் பம்பாய் எங்கும் இசைக் குழுக்கள். கணபதி விழாப் பந்தல், கல்யாண மண்டபம், கம்பெனி ஆண்டு விழா என்று எங்கே பார்த்தாலும் சினிமாப் பாட்டுக் கச்சேரி. நம் ஊர் மெல்லிசைக் கச்சேரி மாதிரிதான்.

பாடகர் நாலு பாட்டுப் பாடிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவார். கிதார்க்காரர் தந்தியை முறுக்குவார். பாடகி புடவை மாற்றிக்கொண்டு வர வேண்டும். அந்த ஐந்து பத்து நிமிஷம் கூட்டம் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் மிமிக்ரி கலைஞர்.

போஸ்டரில் அவர் பெயர் இருக்காது. இருந்தாலும் கண்ணாடி போட்டுத் தேட வேண்டும். கூட்டம் சிரித்தால் பத்து நிமிஷம். சிரிக்காவிட்டால் ரெண்டே நிமிஷத்தில் பின்னால் இருந்து டிரம் அடித்து இறக்கிவிடுவார்கள்.

ஜானி அந்தப் பத்து நிமிஷத்தைப் பிடித்துக்கொண்டார். இசையமைப்பாளர்கள் கல்யாண்ஜி, ஆனந்த்ஜி குழுவில் இடம் கிடைத்தது. இந்திப் படவுலகில் கொடிகட்டிப் பறந்த அண்ணன் தம்பி அவர்கள். ஊர் ஊராகப் போனார் ஜானி. 1980-களின் தொடக்கத்தில் அமிதாப்பச்சன் குழுவோடு வெளிநாட்டுக் கச்சேரிக்கும் போனார். பீப்பாய் தூக்கியவருக்கு விமானப் பயணம்!

பலகுரல் என்றால் வெறும் குரல் என்று நினைப்பவர்கள் உண்டு. குரல் பாதிதான். மீதிப் பாதி உடம்பு. ஒரு நடிகர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், எந்த வார்த்தையை மென்று துப்புவார், கோபம் வந்தால் முதலில் கண் திரும்புமா கழுத்து திரும்புமா என்று கவனிக்க வேண்டும். ஜானியிடம் உடம்பு முழுவதும் பேசும். புருவம் ஒரு பக்கம் போகும், தாடை வேறு பக்கம் போகும். பாஷை தெரியாத ஊரிலும் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றால் காரணம் அதுதான்.

சம்பளமா, சிரிப்பா?

மேடை பெருகப் பெருக பாக்டரிக்கு லீவு கூடியது. ராத்திரி கச்சேரி முடித்து வருபவர் காலை ஷிப்டுக்கு எப்படிப் போவார்? வெளியூர் என்றால் நாலு நாள் ஆளே இல்லை. எந்தக் கம்பெனிதான் எத்தனை நாள் பொறுக்கும்?

ரெண்டு படகில் கால் வைத்தவர் ஒரு படகை விட்டே ஆக வேண்டிய நாள் வந்தது. 1981-ம் ஆண்டு ஜானி லீவர் வேலையை விட்டார்.

இன்று அதைக் கேட்டால் "சரியான முடிவு" என்று எல்லாரும் சொல்வார்கள். அன்று அப்படி யார் சொல்ல முடியும்? மூத்த பிள்ளை, ஏழாம் வகுப்புப் படிப்பு, கையில் இருப்பது அடுத்தவர் குரல் மட்டும். தொண்டை கட்டிக்கொண்டால் அன்றைய பிழைப்பு போய்விடும். இந்த முதலை நம்பி பிராவிடண்டு பண்டு உள்ள வேலையை விடலாமா?

அது எப்படிப்பட்ட காலம் என்பதையும் பார்க்க வேண்டும். சில மாதம் கழித்து, 1982 ஜனவரி 18-ந் தேதி பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளர்கள் தத்தா சாமந்த் தலைமையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சுமார் இரண்டரை லட்சம் பேர். ஒரு வருஷத்துக்கு மேல் நீண்ட அந்தப் போராட்டத்துக்குப் பிறகு பல்லாயிரம் பேருக்கு வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. ஜானி வேலை பார்த்தது பஞ்சாலையில் அல்ல என்றாலும், வேலை போனால் குடும்பம் என்ன ஆகும் என்பதை நகரமே கண்ணால் பார்த்த காலம் அது. அந்த நகரத்தில்தான் ஒருவர் தானாக வேலையை விட்டுவிட்டு மைக்கை நம்பிப் போனார்.

கொசுவர்த்தி விளம்பரம்

சினிமா அவரை வா வா என்று அழைத்துவிடவில்லை. நடிகர் சுனில்தத் மேடையில் அவருடைய திறமையைப் பார்த்துத் தன் "தர்த் கா ரிஷ்தா" படத்தில் வாய்ப்புக் கொடுத்தார். மனைவி நர்கிஸ் புற்றுநோயில் இறந்த பிறகு அந்த நோயைப் பற்றி சுனில்தத் எடுத்த படம் அது. 1982-ல் வந்தது. அழ வைக்கிற படத்தில் சிரிப்பு நடிகருக்கு முதல் படி!

அதற்குப் பிறகும் சின்னச் சின்ன வேஷங்கள்தான். கதாநாயகன் பக்கத்தில் நின்று ரெண்டு வசனம். அடுத்த சீனில் ஆளைக் காணோம்.

அந்த நாட்களில் அவரைக் காப்பாற்றியது மேடையும் கேசட்டும். "ஹசி கே ஹங்காமே" என்ற சிரிப்பு கேசட் வெளியிட்டார். டேப் ரிக்கார்டர் வீட்டுக்கு வீடு நுழைந்துகொண்டிருந்த காலம். நம் ஊரில் மயில்சாமி, லட்சுமணன் ஜோடியின் "சிரிப்போ சிரிப்பு" கேசட் கல்யாண வீடு, டீக்கடை எல்லாம் ஓடவில்லையா? அதே மாதிரி வட இந்தியாவில் ஜானியின் குரல் ஓடியது. முகம் தெரியாமலே ஜனங்களுக்கு அந்தக் குரல் பழகிப்போனது.

ஆமை மார்க் கொசுவர்த்தி விளம்பரத்திலும் நடித்தார். அதை டைரக்ட் செய்தவர் சேகர் கபூர். பிற்காலத்தில் "பண்டிட் குயின்" படம் எடுத்து உலகம் முழுக்கப் பேர் வாங்கிய அதே சேகர் கபூர்தான்.

இடத்தை நிரப்ப வந்தவர்

1986-ம் ஆண்டு "ஹோப் 86" என்ற நட்சத்திர நிகழ்ச்சி நடந்தது. இந்தித் திரையுலகமே கூடியிருந்த கூட்டம். நடுவே நேரத்தை ஓட்ட ஜானியை மேடையில் விட்டார்கள். பழைய வேலைதான். பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் நடுவே கூட்டத்தைப் பிடித்து வைப்பது.

இந்த முறை எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பந்தலுக்கு வந்த ஜனங்கள் அல்ல, படம் எடுப்பவர்கள். நேரத்தை நிரப்ப வந்தவர் அன்று அரங்கத்தையே நிரப்பிவிட்டார். தயாரிப்பாளர் குல் ஆனந்த் அதைப் பார்த்துவிட்டு "ஜல்வா" படத்தில் ஒப்பந்தம் செய்தார். நசிருதீன் ஷா கதாநாயகனாக நடித்து 1987-ல் வந்த படம்.

தெருவில் பேனா விற்ற நாளில் இருந்து கணக்குப் பார்த்தால் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு "தேசாப்". பிறகு வரிசையாகப் படங்கள்.

மறதி பாபுலால்

1993 நவம்பரில் "பாசிகர்" வந்தது. ஷாருக்கான் வில்லத்தனம் செய்யும் கதாநாயகனாக நடித்த படம். காதலியை மாடியில் இருந்து தள்ளிக் கொல்கிற கதை. தியேட்டரில் பெண்கள் "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொள்வார்கள். அடுத்து திரையில் ஒரு வேலைக்காரன் வருவான். பெயர் பாபுலால். எது சொன்னாலும் மறந்துபோகும் ஆசாமி. பொத்திய வாயைத் திறந்து தியேட்டரே சிரிக்கும்.

அந்த பாபுலால்தான் ஜானி லீவர். தன் சிரிப்புக் காட்சிகளில் பெரும்பகுதி எழுதிக் கொடுத்தது அல்ல, படப்பிடிப்பு நடக்கிற இடத்திலேயே பேசி உண்டாக்கியது என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நடைபாதையில் கற்ற பாடம் ஸ்டூடியோவில் கைகொடுத்தது. எழுதித் தந்த வசனத்தை வைத்தா அன்று பேனா விற்றார்?

அப்புறம் ஜானி இல்லாமல் இந்திப் படம் இல்லை என்ற நிலை. "கரண் அர்ஜுன்", "ராஜா இந்துஸ்தானி", "குச் குச் ஹோதா ஹை", "பாத்ஷா" என்று பட்டியல் நீளும். டாக்சி டிரைவர், கர்னல், வேலைக்காரன், தாதா எல்லா வேஷமும் போட்டார். சிரிப்பு நடிகருக்கான பிலிம்பேர் விருதுக்கு 13 முறை அவருடைய பெயர் பரிந்துரை ஆனது. "தீவானா மஸ்தானா", "துல்ஹே ராஜா" ஆகிய இரண்டு படங்களுக்கு விருது கிடைத்தது.

நறுக்கப்பட்ட காட்சிகள்

உச்சியில் இருந்தவருக்கும் உள்ளே ஒரு வலி இருந்தது. சில படங்களில் தான் நடித்த காட்சிகள் நறுக்கப்பட்டன என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கைதட்டல் சிரிப்பு நடிகருக்குப் போனால் கதாநாயகன் முகம் எங்கே போகும்?

பிறகு கதாநாயகர்களே சிரிப்பு நடிப்பையும் எடுத்துக்கொண்டார்கள். தனி காமெடி டிராக் என்பது தேய்ந்தது. இது இந்தி சினிமாவோடு நிற்கவில்லை என்பது தமிழ்ப் படம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். 1967-ல் தொடங்கிய பிலிம்பேர் சிரிப்பு நடிகர் விருதையே 2007-ம் ஆண்டோடு நிறுத்திவிட்டார்கள்.

வீட்டிலும் ஒரு சோதனை. மகனுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. ஆபத்தான இடம் என்பதால் ஆபரேஷனுக்கு இங்கே டாக்டர்கள் தயங்கினார்கள். அமெரிக்காவில் ஆபரேஷன் நடந்து பையன் பிழைத்தான். அந்த நாட்களில்தான் தான் பிரார்த்தனையின் பக்கம் திரும்பியதாக ஜானி சொல்லியிருக்கிறார். ஊரைச் சிரிக்க வைக்கிறவர் வீட்டில் எப்போதும் சிரிப்பு இருக்கும் என்று யார் சொன்னது?

கஜினியால் வந்த வாழ்வு

2010-ல் "கோல்மால் 3" வந்தது. அதில் பப்பி பாய் என்ற தாதா வேஷம். பெரிய ரவுடி, ஆனால் நடுநடுவே எல்லாம் மறந்துபோகும். அப்போது இந்தியில் சக்கைப்போடு போட்டிருந்த "கஜினி"யைக் கிண்டல் செய்த வேஷம் அது. அந்தக் "கஜினி"யோ 2005-ல் நம் ஊரில் சூர்யா நடித்த படம். தமிழில் பிறந்த மறதி இந்திக்குப் போய், கடைசியில் ஜானி கையில் கிண்டலாக மாறியது.

பாபுலாலும் மறதிக்காரன், பப்பி பாயும் மறதிக்காரன். நடுவில் 17 வருஷம். மறதிக்காரனாக நடித்தவரை ஜனங்கள் மறக்கவில்லை. 2017-ல் "கோல்மால் அகெய்ன்" படத்தில் பப்பி பாய் மறுபடியும் வந்தார். 2025-ல் வந்த "ஹவுஸ்புல் 5" வரை ஜானி நடித்திருக்கிறார். 2011-ல் "அன்பிற்கு அளவில்லை" என்ற தமிழ்ப் படத்திலும் தலை காட்டினார்.

பம்பாய் பலகுரல் கலைஞர்கள் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்திருக்கிறார். போஸ்டரில் பெயர் வராத பத்து நிமிஷக்காரர்களின் கஷ்டம் அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

மகளும் அதே தொழில்

ஜானியின் தம்பி ஜிம்மி மோசஸும் மிமிக்ரி மேடைக்காரர். மகள் ஜேமி லீவரும் அதே வழிக்கு வந்துவிட்டார். பாடகி ஆஷா போஸ்லேயைப் போல அவர் பேசிப் பாடிக் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். 2019-ல் "ஹவுஸ்புல் 4" படத்தில் அப்பாவும் மகளும் நடித்தார்கள்.

ஜேமி பிறந்தபோது அப்பா பாக்டரி வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. இருந்தாலும் மகளின் பெயரிலும் "லீவர்" இருக்கிறது. சாதாரணமாகத் தாத்தா பெயர், ஊர்ப் பெயர், குலப் பெயர்தான் பிள்ளைகளுக்கு வரும். இந்தக் குடும்பத்தில் அப்பா பீப்பாய் தூக்கிய கம்பெனியின் பெயர் பரம்பரைப் பெயர் ஆகிவிட்டது!

கம்பெனி சமாசாரமும் ஒன்று பாக்கி இருக்கிறது. 2007-ம் ஆண்டு அது தன் பெயரை மாற்றிக்கொண்டது. ஹிந்துஸ்தான் லீவர் இப்போது ஹிந்துஸ்தான் யூனிலீவர். பழைய போர்டு போய்ப் புது போர்டு வந்தது.

கம்பெனி விட்டுவிட்ட பழைய பெயரை, 1981-லேயே கம்பெனியை விட்டவர் இன்றும் வைத்திருக்கிறார். படத்தின் டைட்டிலில் "ஜானி லீவர்" என்று எழுத்து ஓடினால் தியேட்டரில் விசில் பறக்கும். கூட வேலை பார்த்த தொழிலாளிகள் வைத்த பெயருக்குப் பறக்கிற விசில் அது.